ஃபிளமெங்கோ கிதாரும் இசைத்தட்டும்

ஃபிளமெங்கோ கிதார் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பக்கவாத்தியமாக வளர்ந்த கருவி. காதிஸ், ஹெரேஸ், செவில்யா ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியும் ஹிதானோ எனப்படும் ரோமா மக்களும் பிற உழைக்கும் மக்களும் பாடிவந்த கான்தே என்னும் பாட்டே இந்தக் கலையின் வேர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாட்டு விடுதிகள் பெருகியபோது கிதார்க்காரர் சம்பளம் வாங்கும் கலைஞரானார். அவர் வேலை பாடகருக்குச் சுருதியும் தாளமும் காட்டுவது, ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்குமுன் பாடகர் மூச்சுவிட இடம் தருவது. அந்த இடைவெளியில் அவர் வாசித்த சிறு துண்டுக்கு ஃபல்சேத்தா என்று பெயர். இன்று தனிக் கிதார் இசையாகக் கேட்கப்படும் எல்லாமே இந்தத் துண்டுகள் நீண்டு, ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு உருக்கொண்டவைதான். அவை உருக்கொண்டதில் மேடையைவிட ஒலிப்பதிவுக் கூடத்துக்கே பங்கு அதிகம். இந்த மரபில் பெரும்பாலோர் சுரக்குறிப்பைப் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். 1902இலேயே ரஃபயேல் மரீன் ஃபிளமெங்கோ கிதாருக்கு ஒரு பாடநூல் வெளியிட்டார் என்றாலும், தலைமுறைகளுக்குப் பாடநூலாக நின்றது இசைத்தட்டே. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஊசியைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு விரலசைவையும் காதால் பிரித்தெடுத்துத்தான் கற்றார்கள்.

ஒலிப்பதிவில் இந்தக் கருவியின் கட்டுமானம் தெளிவாகக் காதில் விழும். மரபான ஃபிளமெங்கோ கிதாரின் பக்கப் பலகையும் பின்பலகையும் சைப்ரஸ் மரத்தால் ஆனவை. உடல் மெலிது, எடை குறைவு. தந்திகள் பலகையை ஒட்டித் தாழ்வாக ஓடும். ஆகவே ஒலி சட்டென்று வெடித்து விரைவில் அடங்கும். பாடகரின் கரகரப்புக்கும் ஆடுபவரின் காலடிக்கும் இடையே புகுந்து வெளிப்பட இந்தக் குணம் வேண்டியிருந்தது. விரல்களை விசிறிபோல் விரித்து எல்லாத் தந்திகளையும் வருடும் ரஸ்கியாதோ, இரண்டு விரல்களை மாற்றி மாற்றி ஓட்டும் பிக்காதோ, கட்டைவிரலாலேயே கீழும் மேலும் மீட்டும் அல்சாபுவா, பலகையை நகத்தால் தட்டும் கோல்பே ஆகியவை வலக்கை வித்தைகளில் முதன்மையானவை. தட்டுப்படும் இடத்தில் மரம் தேயாதிருக்க ஒரு மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும்.

தாளச் சுழற்சிக்குக் கொம்பாஸ் என்று பெயர். சொலெயா, அலெக்ரியாஸ், புலெரியாஸ் ஆகிய வகைகள் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டவை. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழுகிறது. சொலெயா நிதானமாக நடக்கும். புலெரியாஸ் அதே சுழற்சியில் பறக்கும். தரந்தா, கிரனாயினா, ரொந்தேன்யா போன்றவை தாளக் கட்டின்றி, ஆலாபனைபோல் விரிபவை. சுர அமைப்பைத் தமிழ் வாசகர் எளிதில் பிடித்துக்கொள்ளலாம்: அடிப்படை அளவுகோலின் சுரங்கள் தோடி மேளத்தின் சுரங்களே. ஆதார சுரத்தில் வந்து அமரும்போது மட்டும் அந்தர காந்தாரம் எட்டிப் பார்த்து, வகுளாபரணத்தின் சாயல் தட்டும். கமகம் இல்லாததால் ராகமாக அது ஒலிப்பதில்லை. ஆனால் அந்த இறுக்கமும் இளக்கமும் காதுக்குப் பழகியவைதான்.

தொடக்ககால மெழுகு உருளைகளிலும், நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற தட்டுகளிலும் பாடகர்களே முதன்மை. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். அதில் கிதாருக்குக் கிடைத்தது முன்னுரையும் இரண்டொரு ஃபல்சேத்தாவும்தான். இந்த எல்லையை உடைத்தவர் ரமோன் மொந்தோயா. மாட்ரிட்டில் 1879இல் ஒரு ஹிதானோ குடும்பத்தில் பிறந்த அவர், அன்றைய தலைமைப் பாடகர் அந்தோனியோ சக்கோனுக்கு நெடுங்காலம் வாசித்தார். செவ்வியல் கிதார்க் கலைஞர்களின் நுட்பங்களை ஊன்றிக் கேட்டு, அவற்றை ஃபிளமெங்கோவின் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். அவற்றுள் ஒன்று திரெமோலோ. செவ்வியல் திரெமோலோவில் கட்டைவிரல் ஒருமுறை மீட்டியபின் மேல்தந்தியில் மூன்று மீட்டல்கள் வரும். ஃபிளமெங்கோ திரெமோலோவில் நான்கு. அந்த ஒரு கூடுதல் மீட்டலால் ஒலி நீர்ப்பெருக்குபோல் அறுபடாமல் ஓடுகிறது.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்ட 1936இல் பாரிசில் மொந்தோயா தனிக் கிதார் இசையை ஆறு தட்டுகளில் பதிந்தார். மெக்சிக்கோவைச் சேர்ந்த ஓவியர் மாரியுஸ் தெ சாயாஸ் இதற்கு முன்னின்று உழைத்தார். பாடகரும் இல்லை, ஆடுபவரும் இல்லை. கிதார் தனக்காக மட்டும் பேசிய முதல் முழுமையான தொகுதி என்று இதைச் சொல்லலாம். இதிலுள்ள ரொந்தேன்யா தனிச் சிறப்புடையது. ஆறாம் தந்தியை ஒரு முழுச் சுரம் தாழ்த்தி, மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்கி அவர் அமைத்த சுருதி, கிதாரின் அடிவயிற்றிலிருந்து ஒரு புதிய இருளை வெளிக்கொண்டுவந்தது. அன்று முதல் ரொந்தேன்யா வாசிக்கும் கலைஞர் பெரும்பாலும் அந்தச் சுருதியிலேயே வாசிக்கிறார். ஒரு தட்டில் பதிந்த ஒரு வாசிப்பு ஒரு வகையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. பழைய தட்டின் இரைச்சலையும் மீறி, ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பாடகருக்காகக் காத்திருப்பதுபோல அதில் ஒலிக்கிறது.

மொந்தோயாவுக்குப் பின் இரண்டு பாதைகள் பிரிந்தன. செவில்யாவின் நீன்யோ ரிக்கார்தோ (1904–1972) உள்நாட்டிலேயே இருந்தார். முரடான, சில இடங்களில் பிசகும் வாசிப்பு அவருடையது. ஆனால் அதில் கொட்டிக் கிடந்த கற்பனை ஒரு தலைமுறையையே வளர்த்தது. பம்ப்லோனாவில் 1912இல் பிறந்த சபிகாஸ் மறுமுனை. 1936இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், ஆட்டக்காரி கார்மென் அமாயாவோடு தென்னமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் வாழ்ந்து, பிறகு நியூயார்க்கில் நிலைத்தார். நீள்நேர இசைத்தட்டு 1948இல் அமெரிக்காவில் அறிமுகமானது அவருக்குத் தோதாக அமைந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் கிடைத்ததும் கிதார்க்காரர் ஒரு முழு மாலையைத் திட்டமிடுவதுபோல் தட்டைத் திட்டமிடலாயிற்று: ஒரு சொலெயா, ஒரு அலெக்ரியாஸ், தாளமற்ற ஒரு தரந்தா, முடிவில் ஒரு புலெரியாஸ். சபிகாஸின் தட்டுகளில் ஒரு மீட்டல்கூட மங்குவதில்லை. கட்டைவிரலின் வலிமையும் பிக்காதோவின் சீரும் சேர்ந்து, தனிக் கிதார் கச்சேரி மேடைக்கு உரியது என்பதை அவை ஐயமற நிறுவின. ஸ்பெயினில் அவர் நேரில் கேட்கப்படாத முப்பது ஆண்டுகளில் அந்தத் தட்டுகளே கடல் கடந்து வந்து இளைஞர்களுக்குக் கற்பித்தன. பிற்காலத்தில் ஜோ பெக் என்ற கலைஞரின் ராக் கிதாருடன் அவர் பதிந்த தொகுப்பு 1970இல் வெளியானது. அதில் இரண்டு இசையும் அருகருகே நிற்கின்றனவேயன்றிக் கலக்கவில்லை.

அல்ஹெசிராஸ் துறைமுக நகரில் 1947இல் பிறந்த ஃப்ரான்சிஸ்கோ சாஞ்செஸ், தாயின் பெயரைச் சேர்த்துப் பாக்கோ தெ லூசியா என்று அறியப்பட்டார். தந்தையும் அண்ணன் ரமோனும் அவருக்கு ஆசான்கள். வீட்டில் முழங்கியது நீன்யோ ரிக்கார்தோவின் வாசிப்பு. 1963இல் ஹோசே கிரேக்கோவின் ஆட்டக் குழுவோடு அமெரிக்கா சென்ற சிறுவன் சபிகாஸுக்கு வாசித்துக் காட்டினான். பிறருடைய இசையை வாசிப்பதை விட்டுச் சொந்தமாக அமைக்கும்படி அவர் கூறிய அறிவுரை, அதன்பின் வந்த எல்லாத் தட்டுகளுக்கும் முன்னுரை எனலாம். 1967இல் வந்த முதல் தனித் தொகுப்பில் கிதார்க் கலைஞர் மாரியோ எஸ்குதேரோவின் 'இம்பெத்து' இடம்பெற்றது. 1969இன் 'ஃபந்தசியா ஃபிளமெங்கா'வில் சொந்தக் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது.

அதே 1969இல் சான் ஃபெர்னாந்தோ ஊரைச் சேர்ந்த இளம்பாடகர் கமரோன் தெ லா இஸ்லாவுடன் பாக்கோ பதிந்த முதல் தட்டு வெளியானது. 1977 வரை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் தொடர்ந்து பதிந்தார்கள். கிதார் தொகுப்புகளைப் பற்றிய பேச்சில் இவற்றை ஒதுக்கிவிடுவது பெரும் பிழை. பாக்கோவின் இசையறிவு வளர்ந்தது இந்தத் தட்டுகளில்தான். கமரோன் ஒரு சொல்லைத் தாமதித்து வைக்கும்போது கிதார் அந்தத் தாமதத்தை முன்கூட்டியே அறிந்ததுபோல் ஒதுங்கி நிற்கிறது; அவர் தொட்டு விட்ட சுரத்தை எடுத்து ஃபல்சேத்தாவாக விரிக்கிறது. 1972இன் 'கனஸ்தெரா' தொகுப்பில் இருவரும் ஒரு புதிய பாட்டு வகையையே உருவாக்க முனைந்தார்கள். தனிக் கிதார்த் தட்டுகளில் பாக்கோ செய்த துணிச்சல்கள் பாதிக்குமேல் இங்கே ஒரு குரலுக்குப் பின்னால் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

1973இன் 'ஃபுவெந்தே இ கவுதால்' ஆழமான தொகுப்பு. ஆனால் அதன் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது, தட்டை நிரப்பக் கடைசியில் கூடத்திலேயே பெருமளவு கற்பனையாக வாசித்ததாகச் சொல்லப்படும் 'எந்த்ரே தோஸ் அகுவாஸ்' என்ற ரும்பா. பேஸ் கிதாரும் பொங்கோவும் துணைநிற்க, இரண்டு மூன்று சுரக்கட்டுகளின்மேல் மெட்டு மிதந்து செல்கிறது. தனித் தட்டாக 1974இல் வெளியானபின் அது ஸ்பெயின் முழுதும் பரவியது. 1975 பிப்ரவரியில் மாட்ரிட்டின் அரச அரங்கான தெயாத்ரோ ரெயாலில் பாக்கோ வாசித்து, அது தட்டாகவும் வந்தது. விடுதியின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கருவிக்கு அது சாதாரண நிகழ்வு அல்ல.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் வெளியுலகத்தோடு பேசினார். 1980 டிசம்பர் 5 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் ஜான் மெக்லாக்லின், ஆல் டி மெயோலா ஆகிய கிதார்க் கலைஞர்களுடன் வாசித்த கச்சேரி மறு ஆண்டு தொகுப்பாக வெளிவந்து, மிகப் பரவலாகக் கேட்கப்பட்டது. மெக்லாக்லின் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் கர்நாடகத் தாளக் கணக்குகளில் ஊறியிருந்தவர். அரங்கின் ஆரவாரம் அந்தத் தட்டுக்கு உயிர் தருகிறது. ஆயினும் வேகப் போட்டியின் பரபரப்பே அதில் மேலோங்கி நிற்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஃபிளமெங்கோவுக்கு அதைவிடப் பெரிய விளைவு 1981இன் 'சோலோ கியெரோ கமினார்' தொகுப்பால் வந்தது. ஹோர்ஹே பார்தோவின் குழலும் சாக்சபோனும், கார்லெஸ் பெனவெந்தின் பேஸும், ரூபெம் தாந்தாஸின் தாளக்கருவிகளும் அண்ணன்மாரோடு சேர்ந்து அறுவர் குழுவாயின. பெருவில் காய்த்ரோ சோத்தோ என்ற கலைஞர் வாசிக்கக் கேட்டுப் பாக்கோ கொண்டுவந்த கஹோன் என்ற மரப்பெட்டி இக்குழுவின் வழியாக ஃபிளமெங்கோவுக்குள் நுழைந்தது. இன்று அந்தப் பெட்டி இல்லாத ஃபிளமெங்கோத் தட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இத்தனை சுற்றுக்கும் பிறகு 1987இல் வந்த 'சிரோக்கோ' தனிக் கிதார்த் தொகுப்புகளின் உச்சம் என்று கருதத்தக்கது. எட்டே உருப்படிகள். குழலும் பேஸும் விலகிவிட, கிதாரைச் சுற்றி மிஞ்சியவை கைத்தட்டலும் சிறிதளவு தாளமும் ஆங்காங்கே இன்னொரு கிதாரும்தான். 'லா பர்ரோசா' என்ற அலெக்ரியாஸ் காதிஸ் கரையோரக் கடற்கரை ஒன்றின் பெயரைத் தாங்கியது. அந்த வகையின் வெளிச்சத்தைக் கெடுக்காமல், அதற்கு முன்பு யாரும் வைக்காத சுரக்கட்டுகளை அதனடியில் வைக்கிறது. ரொந்தேன்யா 'மி நீன்யோ குர்ரோ' மொந்தோயாவின் சுருதியில் அமைந்து, அவர் விட்ட இடத்திலிருந்து ஐம்பது ஆண்டு தூரம் நடக்கிறது. சொலெயாவின் தலைப்பே நீன்யோ ரிக்கார்தோவுக்குப் புகழ்மாலை. சொலெயாவில் மீட்டல்களுக்கு நடுவே பாக்கோ விடும் மௌனத்தைக் கவனிக்க வேண்டும்: எண்ணிக்கை உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, கை சும்மா இருக்கிறது, பிறகு ஒரே ஒரு கட்டைவிரல் அடி பத்தாம் எண்ணில் சரியாக விழுகிறது. வேகம் அவருக்கு எளிது. இந்தக் காத்திருப்பு கமரோனிடம் கற்றது.

இத்தகைய தட்டுகள் உருவாகும் முறையும் இசையின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பல தடப் பதிவு வந்தபின் ஒரே கலைஞர் முதல் கிதாரையும் இரண்டாம் கிதாரையும் தாமே வாசித்து அடுக்க முடிந்தது. கைத்தட்டுக் கலைஞர்கள் தனியே வந்து தாளம் போட்டுச் செல்லலாம். தப்பிய ஒரு மீட்டலை மட்டும் வெட்டி மாற்றலாம். இதனால் வாசிப்பு பளிங்குபோலத் துலங்கியது. கூடவே ஓர் இழப்பும் நேர்ந்தது. காதில் மாட்டிய இயந்திரத் தாளத்துக்குக் கட்டுப்பட்டு வாசித்த புலெரியாஸ், நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தட்டிய புலெரியாஸின் விரிதலையும் சுருங்குதலையும் எளிதில் பெறுவதில்லை. நல்ல கலைஞர்கள் இதை அறிந்தவர்கள். கூடத்திலும் கைத்தட்டுபவரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே வாசிப்பவர்கள் இன்றும் உண்டு.

மனோலோ சான்லூகர் (1943–2022) வேறு வகையில் சிந்தித்தார். 1970களின் தொடக்கத்தில் மூன்று தட்டுகளில் ஃபிளமெங்கோ கிதாரின் வடிவங்களை முறைப்படி பதிந்தவர் அவர். 1988இன் 'தவ்ரோமாஹியா' ஒரே கருப்பொருள் கொண்ட தொகுப்பு: மேய்ச்சல் நிலத்தில் காளையின் பிறப்பு தொடங்கி, அரங்கின் பெருவாயில் வழியே வீரர் தோளில் சுமக்கப்பட்டு வெளியேறும் வரை உருப்படிகள் வரிசையாக நகர்கின்றன. எக்காளமும் குரல்களும் நரம்பிசையும் வருகின்றன. ஆனால் ஒவ்வோர் உருப்படியும் ஃபிளமெங்கோ வகை ஒன்றின் தாளத்திலோ சுரநிலையிலோ உறுதியாக ஊன்றி நிற்கிறது. உதிரிப் பூக்களாகச் சேர்த்த எட்டுப் பத்து உருப்படிகள்தான் தொகுப்பு என்ற பழக்கத்தை இது மாற்றியது. காளைப்போர் பற்றிய கருத்து எதுவாயினும், இசையின் கட்டுமானத்தில் சிரோக்கோவுக்கு இணையாக நிற்கக்கூடியது இது ஒன்றே.

ஆனால் தட்டுக்குள் அடங்காத கிதாரும் உண்டு. மோரோன் தெ லா ஃப்ரொந்தேராவில் வாழ்ந்த தியெகோ தெல் கஸ்தோர் (1908–1973) வணிகத் தட்டுகளுக்காகத் தனி வாசிப்பு பதிய முன்வரவில்லை. நண்பர்கள் கூடும் இரவுகளில், மனம் இசைந்தபோது வாசித்தார். அவரைத் தேடி வந்த வெளிநாட்டு ரசிகர்கள், குறிப்பாக அமெரிக்கர்கள், நாடாக்களில் பதிந்து வைத்தவையும், 1970களின் தொடக்கத்தில் ஸ்பானியத் தொலைக்காட்சியின் பாட்டுத் தொடர் படம்பிடித்தவையுமே எஞ்சின. அவற்றில் வேகமோ அலங்காரமோ இல்லை. கட்டைவிரல் ஒரு மெட்டைச் சொல்கிறது, நிற்கிறது, பாதியில் திருப்பிச் சொல்கிறது. சுற்றியிருப்பவர்கள் அதற்குப் பதில் கொடுக்கிறார்கள். இந்த நாடாக்களைக் கேட்டபின் கூடத் தட்டுகளைக் கேட்டால், பின்னவற்றில் எது இல்லை என்பது விளங்கும். ஹெரேஸின் மொராய்தோ சிக்கோ (1956–2011) இந்தப் பண்பைக் கூடத்துக்குள்ளேயே காப்பாற்றியவர். பாடகர் ஹோசே மெர்சேயின் துணைவராகவே பெரிதும் அறியப்பட்ட அவர் 1992இல் வெளியிட்ட 'மொராவோ இ ஓரோ' தொகுப்பில் சிக்கனமான சுரங்களுக்குள் ஹெரேஸ் புலெரியாஸின் துள்ளல் முழுதும் இருக்கிறது.

சிரோக்கோவுக்குப் பின் வந்தவர்கள் அதன் நிழலிலிருந்து வெளியேறத் தத்தம் வழியைத் தேட வேண்டியிருந்தது. கமரோனின் 1979ஆம் ஆண்டுத் தொகுப்பான 'லா லெயெந்தா தெல் தியெம்போ'வில் இருபது வயதிலேயே வாசித்த அல்மெரியாவின் தொமாதீத்தோ, பாக்கோவுக்குப் பின் கமரோனின் நிலையான கிதார்க்காரராகி, 1987இல் தனித் தொகுப்புக்கு வந்தார். 2000இல் பியானோக் கலைஞர் மிஷெல் கமீலோவுடன் பதிந்த 'ஸ்பெய்ன்' அவரை ஜாஸ் ரசிகர்களிடம் கொண்டுசென்றது. ஹெரேஸின் ஹெரார்தோ நூன்யெஸ் விரல் நுட்பத்தை மேலும் கூர்மையாக்கினார். கோர்தோபாவில் வளர்ந்து, சான்லூகரிடம் பயின்ற விசென்தே அமிகோ 1991இன் முதல் தொகுப்பிலேயே பாடத்தக்க மெட்டுகளால் தனித்து நின்றார். 2000இன் 'சியுதாத் தெ லாஸ் இதேயாஸ்' அவருக்கு லத்தீன் கிராமி பெற்றுத் தந்தது. செவில்யாவின் ரஃபயேல் ரிக்கேனி நீண்ட இடைவெளிக்குப்பின் 2017இல் தந்த 'பார்க்கே தெ மரியா லூயிசா', அந்நகரின் ஒரு பூங்காவை உருப்படி உருப்படியாக வரைவது. அதன் மென்மை ஃபிளமெங்கோவில் அரிது.

பாக்கோ தம் முன்னோருக்கான கடனைத் தட்டுகளிலேயே தீர்த்துவந்தார். சபிகாஸ் காலமான 1990இல் வெளியான 'சிர்யாப்' தொகுப்பின் தரந்தா அவருக்கு உரியது. அதே ஆண்டு சபிகாஸும் கிரனாதாவின் பாடகர் என்ரிக்கே மொரெந்தேயும் சேர்ந்த தொகுப்பும் வந்தது; முதிய கிதார்க்காரர் கடைசியில் மீண்டும் ஒரு பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுரக்குறிப்பு படிக்காத பாக்கோ, 1991இல் செவ்வியல் இசையமைப்பாளர் ரொத்ரீகோவின் 'அரான்ஹுவெஸ் கொன்சியெர்த்தோ'வைக் கற்று வாசித்துப் பதிந்தார். செவ்வியல் கலைஞர்களின் உருண்டையான தொனிக்கு மாறாகத் தாளம் கூர்மையாக நிற்கும் வாசிப்பு அது. 1998இன் 'லூசியா' தாய்க்கு உரியது. அதன் இறுதியில், 1992இல் இறந்த கமரோனை நினைத்து அவரே வாய்திறந்து பாடுகிறார். 2004இன் 'கொசீதாஸ் புவெனாஸ்' தொகுப்பின் ஒரு புலெரியாஸில் கமரோனின் பழைய குரற்பதிவைச் சுற்றிப் பாக்கோவும் தொமாதீத்தோவும் வாசித்தார்கள். 2014 பிப்ரவரி 25 அன்று மெக்சிக்கோவில் அவர் இறந்தபின் வெளிவந்த 'கன்சியோன் அந்தலூசா' சிறுவயதில் கேட்ட அந்தலூசியத் திரைமேடைப் பாடல்களைக் கிதாரில் பாடுவது. அவ்வாண்டின் சிறந்த தொகுப்புக்கான லத்தீன் கிராமி அதற்குக் கிடைத்தது.

இன்றைய கலைஞர்களிடம் தனித் தொகுப்பே இலக்கு என்ற எண்ணம் தளர்ந்துள்ளது. நீன்யோ ஹோசெலே 2006இல் பில் எவன்ஸின் பியானோ இசையைக் கிதாருக்குக் கொண்டுவந்தார். மொராய்தோவின் மகன் தியெகோ தெல் மொராவோ 2010இல் 'ஒராத்தே' என்ற தனித் தொகுப்பைத் தந்தபின்னும் பாடகர்களின் துணைவராகவே பெரிதும் வாழ்கிறார். முன்பு பாக்கோவின் குழுவில் வாசித்த தானி தெ மோரோன், தனித் தொகுப்புகளுக்குப்பின் 2018இல் '21' என்ற தொகுப்பில் தம் தலைமுறைப் பாடகர் பலரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் பக்கவாத்தியம் வாசித்தார். அட்டையில் கிதார்க்காரரின் பெயர், உள்ளே பாட்டு.